கப்பல் எந்த ஊரில் இருக்கிறது?

பினாங்கை விட்டுக் கப்பல் கிளம்பிய இரண்டாம் நாள் ராத்திரி, அம்மாவுக்கு நாலைந்து முறை வாந்தி எடுத்துத் தலை சுற்றியது. சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்பும் குடும்பப் பயணம். அம்மாவுக்கு 69 வயது, இருபது வருஷமாகச் சுகர். லிஃப்ட்டில் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் சின்னதாக ஒரு மருத்துவ அறை. மேல் தளங்களில் இருந்த பாட்டும் வெளிச்சமும் இல்லாமல், டெட்டால் வாசனையோடு நம்மூர் நர்சிங் ஹோம் மாதிரியே இருந்தது. ஈசிஜி எடுத்தார்கள், சுகர் பார்த்தார்கள், மூன்று மணி நேரம் டிரிப்ஸ் ஏறியது. விடியும்போது அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

நர்ஸ் என் கேபின் அட்டையை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். முந்தின நாள் பையன் போட்டோ வாங்கிய அதே அட்டை. 540 சிங்கப்பூர் டாலர். கப்பலில் 'கேஷ்லெஸ்' என்ற பேச்சே கிடையாது. முதலில் நாம் கட்ட வேண்டும், ஊருக்கு வந்து க்ளெய்ம் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் இதுதான் நடைமுறை.

அந்த க்ளெய்ம் பாஸானதற்குக் காரணம் பாலிசி அட்டையில் பெரிய எழுத்தில் இருந்த ஒரு லட்சம் டாலர் காப்புத் தொகை இல்லை. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் வீட்டு ஹாலில் நடந்த ஒரு சின்ன வாக்குவாதம்தான். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஏஜென்ட், "சுகர், பிரஷர் எல்லாம் எழுதினா பிரீமியம் ஏறும் சார். யாருக்குத்தான் இல்லை? 'இல்லை'ன்னே போட்டுடலாம்" என்றார். நான் தலையாட்டப் போனேன். உள்ளிருந்து என் மனைவி, "இருக்கிறதை இருக்குன்னே போடுங்க. அத்தை மாத்திரை டப்பாவையும் சேர்த்துத்தானே கப்பல்ல ஏறப் போறாங்க" என்றாள். பிரீமியம் கொஞ்சம் ஏறியது. ஏஜென்ட் முகம் சுண்டியது.

க்ளெய்ம் போட்டதும் கம்பெனியிலிருந்து வந்த முதல் கேள்வியே, 'இவருக்குச் சர்க்கரை நோய் எப்போதிலிருந்து?' என்பதுதான். கப்பல் டாக்டரின் சீட்டில் 'வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு' என்று காரணம் தெளிவாக இருந்தது. படிவத்தில் சுகரும் இருந்தது. டிடக்டிபிள் என்று 100 அமெரிக்க டாலரைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். 'இல்லை' என்று எழுதியிருந்தால், வாந்திக்கும் சுகருக்கும் சம்பந்தம் இல்லை என்று நிரூபிப்பதற்குள்ளேயே, உண்மையை மறைத்தீர்கள் என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நோயை எழுதிவிட்டால் அதற்கும் முழுக் காப்பு வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. நம் நாட்டில் விற்கும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டுமே, அதுவும் தனி உச்சவரம்போடுதான் பணம் கிடைக்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு கத்தரி உண்டு. ஐசியூவுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உள்வரம்பு போட்டிருப்பார்கள். முன்பக்கத்து ஒரு லட்சம் டாலர் உள்ளே போனால் துண்டுதுண்டாகக் கிடக்கும். உள்வரம்பு இல்லாத பாலிசி கேட்டால் கிடைக்கும், விலைதான் கூட. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மற்ற எதில் கையைச் சுருக்கினாலும் இதில் சுருக்கக்கூடாது என்பது என் கட்சி.

இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் பாலிசிப் பத்திரங்களில் வரையறைகளை முதலில் படிக்கும் பழக்கம் வந்தது. அவை எல்லாமே தரையில் வாழும் மனிதர்களுக்காகத் தரையில் உட்கார்ந்து எழுதியவை. கப்பல் அவற்றுக்குள் அடங்குவதில்லை.

'மருத்துவமனை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு மெடிக்ளெய்ம் பாலிசிகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது வரையறை ஒன்று உண்டு. அந்த இடம் உள்ளூர் அதிகாரிகளிடம் மருத்துவமனையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊரில் 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15 படுக்கை, இருபத்து நான்கு மணி நேரமும் நர்ஸ், டாக்டர், சகல வசதியோடு ஆபரேஷன் தியேட்டர் என்றெல்லாம் இருக்க வேண்டும். பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ கட்டிக்கொண்டு அந்தமான் கடலில் போகிற கப்பலுக்கு உள்ளூர் அதிகாரி யார்? அந்த ஊரின் மக்கள்தொகை எத்தனை? கீழ்த்தளத்து மருத்துவ அறையில் சில கட்டில்கள்தான் இருக்கும். நல்ல டாக்டர் இருப்பார், நெஞ்சுவலிக்கு முதல் உதவி செய்வார், எலும்பு முறிந்தால் கட்டுப் போடுவார். மெடிக்ளெய்மின் கண்ணுக்கு அது மருத்துவமனை இல்லை. 24 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு.

"நாங்க சென்னையிலேயே ஏறிச் சென்னையிலேயே இறங்குறோம், எதுக்கு டிராவல் இன்ஷூரன்ஸ்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைதான் இந்தியாவின் ஆட்சிக்கடல். 'ஹை சீஸ்' பயணம் என்று விளம்பரத்தில் வருவது அதைத் தாண்டிய கடல்தான். 'இந்தியாவுக்குள் மட்டும்' என்று எழுதியிருக்கும் மெடிக்ளெய்ம் அந்த எல்லையில் நின்றுவிடுமா, கூடவே வருமா? கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஏறக்கூடாது. 2023இல் சென்னையிலிருந்தே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். வீட்டிலிருந்து ஆட்டோவில் துறைமுகம் போனாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான்.

வெளிநாட்டுப் பாலிசியிலும் இடச் சிக்கல் இருக்கிறது. 'ஆசியா, ஜப்பான் நீங்கலாக' என்று ஒரு மலிவு ரகம் விற்கிறது. 'உலகம் முழுதும், அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்று இன்னொன்று. கப்பலோ வரிசையாக ஐந்து துறைமுகங்களைத் தொடும். தைவானில் ஏறுகிற கப்பல் ஒக்கினாவாவுக்குப் போனால் அது ஜப்பான். அலாஸ்காவுக்கு வான்கூவரில் ஏறினால் கனடா, அமெரிக்கா இரண்டுமே வந்துவிடும். ஏறும் துறைமுகத்தை மட்டும் பார்த்துப் பாலிசி எடுப்பது பாதி டிக்கெட் எடுத்த கதைதான். ஐரோப்பியக் கப்பலுக்குப் போகிறவர்களிடம் வேறொரு பழக்கத்தைப் பார்க்கிறேன். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும் என்பதால், அதை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் ஆக மலிவான பாலிசியை வாங்கிக் கோப்பில் சொருகுகிறார்கள். அது விசா அதிகாரிக்காக எடுத்த பாலிசி, வீட்டுப் பெரியவருக்காக எடுத்ததில்லை.

அடுத்து, 'குடும்பம்'. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பயணத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று பாலிசியில் இருக்கும். எந்தச் சாவு? கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், சிலவற்றில் மாமனார் மாமியார், கூடப் பிறந்தவர்கள். பெரும்பாலும் பட்டியல் அதோடு முடிந்துவிடும். நம் வீட்டில் பெரியப்பா போய்விட்டால் யாராவது கப்பல் ஏறுவார்களா? காரியம் முடியும்வரை ஊரைவிட்டு நகர முடியாது. தாய்மாமன் என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பட்டியலில் பெரியப்பா, சித்தி, அத்தை, தாய்மாமன் யாருக்கும் இடம் இல்லை. கப்பல் கம்பெனியோ, தேதி நெருங்க நெருங்கப் பிடித்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும், கடைசி நாட்களில் ரத்து செய்தால் கட்டியதில் ஒன்றும் தேறாது. பாலிசியைப் பயணத்துக்கு முந்தின வாரம் எடுக்காமல், முன்பணம் கட்டிய கையோடு எடுக்கச் சொல்வது இதனால்தான். ரத்துக்கான காப்பு பாலிசி எடுத்த பிறகு நடக்கிறவற்றுக்குத்தான். வீட்டில் ஒருவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருக்கும்போது எடுத்த பாலிசி அவருக்காக ஒரு ரூபாயும் தராது.

விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் இருக்கும். கப்பல் அப்படி இல்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள், மறுநாள் காலைதான் திறந்தார்கள். அன்று சாயங்காலம் சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டியவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பாலிசியில் 'மிஸ்டு கனெக்‌ஷன்' இருக்கிறதே என்பார்கள். அந்தத் தலைப்புக்குக் கீழே படித்தால், பல பாலிசிகளில் அது ஒரு விமானத்திலிருந்து இன்னொரு விமானத்துக்கு மாறுவதைத்தான் சொல்லும். விமானத்திலிருந்து கப்பலுக்கு மாறுவதும் அதில் சேருமா என்று தனியாகக் கேட்க வேண்டும். அதைவிட நம்பகமான காப்பீடு ஒன்று உண்டு: ஒரு நாள் முன்னதாகவே துறைமுக ஊருக்குப் போய்த் தங்கிவிடுவது. ஹோட்டல் வாடகையையும் பிரீமியம் என்றே கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

நடுவழியில் தவறவிடுவதும் நடக்கும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில், தனியார் சுற்றுலாவுக்குப் போய் நேரத்துக்குத் திரும்பாத எட்டுப் பேரை விட்டுவிட்டு ஒரு கப்பல் கிளம்பிப் போனது. அவர்கள் நாடு நாடாகத் துரத்திப் போய்த்தான் அதைப் பிடித்தார்கள். கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். கரையில் நாமே பேரம் பேசிப் பிடித்த வேனுக்காகக் காத்திருக்காது. அந்த வேன் மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகாமலே திரும்பிவிட்டால்? 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று அறிவித்துப் புறப்பட்ட கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. பயணிகள் பாண்டிச்சேரியைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. டிக்கெட் ஒப்பந்தத்தைப் படித்தால், வழியை மாற்றும் உரிமை கப்பல்காரருக்கு உண்டு என்று தெளிவாக இருக்கும். சாதாரணப் பாலிசி இதற்குப் பணம் தராது. கப்பலுக்கென்றே செய்த பாலிசிகளில் துறைமுகம் விடுபட்டால் ஒரு தொகை, டாக்டர் சொல்லிக் கேபினிலேயே அடைபட்டால் நாளுக்கு இவ்வளவு என்று இருக்கும். அடைபடுவது சும்மா பேச்சில்லை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தி வைத்த டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள், எழுநூறு பேருக்கு மேல் கொரோனா தொற்றியது. அதன் பிறகு பெருந்தொற்று பற்றிய வரிகளை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய செலவு, நோயாளியைக் கப்பலிலிருந்து இறக்குவது. கப்பல் டாக்டரும் கேப்டனும் முடிவு செய்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், கரை எட்டும் தூரத்தில் இருந்தால் ஹெலிகாப்டர் வரும். நம் சம்மதம் அங்கே இரண்டாம் பட்சம். 'எவாக்குவேஷன்' என்று பாலிசியில் இருப்பது கரையிலிருந்து ஊருக்கா, கப்பலிலிருந்து கரைக்கும் சேர்த்தா என்று பாருங்கள். அம்மா இறங்கினால் மகனும் இறங்குவான். அவனுக்கு ஹோட்டல், திரும்பும் விமானம், பேரன்களை யார் கூட்டி வருவது, எல்லாம் அந்த நிமிஷத்தில் முளைக்கும் செலவு. உடன் இருப்பவருக்கான தொகை என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பாலிசிக்கு என் ஓட்டு.

பெட்டி தொலைவது, தாமதம், இதற்கெல்லாம் தரும் காசு சொற்பம். அதை வைத்துப் பாலிசியை எடைபோட வேண்டாம். குடித்திருக்கும்போது அடிபட்டால் தர மாட்டார்கள். கப்பலில் 'டிரிங்க்ஸ் பேக்கேஜ்' வாங்கும் மச்சான்களுக்கு இதை நாசூக்காகச் சொல்லிவைப்பது நல்லது. புக்கெட்டில் ஜெட் ஸ்கீ ஓட்டப் போகும் பையன்களுக்குச் சாகச விளையாட்டுக் காப்பு தனியாக வேண்டும். அவசர எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். நடுக்கடலில் சிக்னல் கிடைத்தால் அது பெரும்பாலும் கப்பலின் சாட்டிலைட் இணைப்பு, அதன் பில் தனிக் கதை.

க்ளெய்மை மறுத்தால் அதோடு முடிந்துவிட்டது என்றில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். சென்னையில் அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைக் கேட்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கப்பல் டாக்டரின் சீட்டு, பில், கேபின் கணக்கு மூன்றையும் இறங்கும் முன்பே கையெழுத்தோடு வாங்கி வைத்தவர்களுக்கு அங்கே வாதம் சுலபம்.

அம்மா இப்போது அலாஸ்கா என்கிறார். பனிமலை பார்க்க வேண்டுமாம். போன வாரம் கம்பெனிக்கு ஐந்து கேள்விகளை ஈமெயிலில் அனுப்பினேன். எல்லை, உள்வரம்பு, கப்பலைத் தவறவிட்டால் என்ன, கரைக்குக் கொண்டுவரும் செலவு, இந்த நான்குக்கும் பதில் வந்துவிட்டது. ஐந்தாவது, 'கப்பலில் உள்ள மருத்துவ அறை உங்கள் வரையறையில் மருத்துவமனையா?' நேற்று ஏஜென்ட் போன் செய்தார். "அதை மட்டும் ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றோம் சார்" என்றார். "அம்மாவுக்குச் சுகர் இருக்குன்னு நானே எழுதிட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.