ஜிபிஎஸ் கைவிட்டால் விமானி என்ன செய்வார்? மறுபடி தேவைப்படும் பழைய ரேடியோ நிலையங்கள்

ஃபின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2024 ஏப்ரல் 25, 26 ஆகிய இரண்டு நாட்களும் அந்த வழியில் போன ஃபின்ஏர் விமானங்கள், டார்ட்டுவில் இறங்க முடியாமல் ஹெல்சின்கிக்கே திரும்பின. என்ஜினில் கோளாறு எதுவும் இல்லை. ஜிபிஎஸ் சிக்னலில் தொந்தரவு, அவ்வளவுதான். அடுத்து சுமார் ஒரு மாதத்துக்கு அந்தச் சேவையையே நிறுவனம் நிறுத்தி வைத்தது. எஸ்டோனியா, ரஷ்யாவைக் குற்றம்சாட்டியது.

பால்டிக் பகுதியில் ஜிபிஎஸ் தொந்தரவு புதிதல்ல. அதற்குள் பறந்து போய் மற்ற ஊர்களில் விமானங்கள் ஒழுங்காக இறங்கிக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் டார்ட்டுவில் மட்டும் ஏன் சிக்கல்? பெரும்பாலான விமான நிலையங்களில் இறங்குவதற்கு வேறு வழியும் இருக்கும். டார்ட்டுவில் அப்போது நடைமுறையில் இருந்த தரையிறங்கும் முறைக்கு ஜிபிஎஸ் கட்டாயம். மாற்று இல்லை.

ஜிபிஎஸ்ஸை ஏமாற்றுவது ஏன் சுலபம்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் நம்மை எட்டும்போது மிகவும் பலவீனமாகிவிடும். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிர்த்திண்ணையில் பேசும் கிசுகிசுப்பைக் கேட்க முயல்வது மாதிரி. அதே அலைவரிசையில் யாராவது தரையிலிருந்து கொஞ்சம் சத்தம் போட்டால் போதும், கிசுகிசுப்பு காணாமல் போய்விடும். இதுதான் ஜாமிங்.

இதைவிட மோசமானது ஸ்பூஃபிங். இதில் சிக்னல் தொலையாது. பொய் சிக்னல் வரும். விமானம் தான் இல்லாத இடத்தில் இருப்பதாக நம்பும். காக்பிட் கடிகாரம் தப்பாகும். நல்ல உயரத்தில் பறக்கும்போதே "தரை நெருங்குகிறது, மேலே ஏறு" என்று எச்சரிக்கைக் கருவி கத்தும். சிக்னல் அறுந்தால் விமானிக்கு உடனே தெரியும். பொய் சொன்னால், அது பொய் என்று கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கும்.

தரையிலிருந்து வரும் உதவி

இந்த இடத்தில்தான் விஓஆர் என்ற பழைய கருவி வருகிறது. 1940-களில் புழக்கத்துக்கு வந்த இந்த ரேடியோ நிலையத்தைக் கலங்கரை விளக்கமாக நினைத்துக்கொள்ளலாம். சுழலும் ஒரு விளக்கு. அது வடக்கைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எல்லாத் திசையிலும் 'பளிச்' என்று மின்னும் இன்னொரு விளக்கு. 'பளிச்' மின்னியதற்கும் சுழலும் வெளிச்சம் தன்மேல் பட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டால், நிலையத்துக்கு எந்தத் திசையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். வெளிச்சத்துக்குப் பதிலாக ரேடியோ அலை. ஒரு நொடிக்கு 30 சுற்று.

திசை தெரிந்தால் போதுமா? தூரமும் வேண்டுமே. அதற்குத்தான் டிஎம்இ. விமானம் ஒரு ஜோடித் துடிப்பை அனுப்பும். தரைக்கருவி அதைக் கேட்டு, 50 மைக்ரோவினாடி பொறுத்து, வேறு அலைவரிசையில் பதில் சொல்லும். போய்வந்த மொத்த நேரத்தில் அந்த 50-ஐக் கழித்தால் தூரம் கிடைத்துவிடும். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிக்கிற அதே யோசனைதான். ஒரே நேரத்தில் பல விமானங்கள் கேட்டால் பதில்கள் கலந்துவிடாதா? ஒவ்வொரு விமானமும் தன் துடிப்புகளை ஒழுங்கில்லாத இடைவெளியில் அனுப்பும். தன் இடைவெளியோடு ஒத்துப்போகும் பதிலை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று டிஎம்இ நிலையங்களின் தூரம் கிடைத்தால், விமானக் கணினியே இருக்கும் இடத்தைக் குறித்துவிடும். கடைசிக் கட்டத்தில் ஓடுபாதைக்கு நேராகவும் சரியான சரிவிலும் இறக்க ஐஎல்எஸ் இருக்கிறது. இவையெல்லாம் பக்கத்தில் இருந்து பேசும் குரல்கள். செயற்கைக்கோளின் கிசுகிசுப்பை அமுக்குவதுபோல இவற்றை அமுக்குவது அவ்வளவு சுலபமில்லை.

குறைகளும் உண்டு. விஓஆர் காட்டும் திசை ஒரு டிகிரி பிசகினால், 60 நாட்டிக்கல் மைல் தள்ளிப் பறக்கும் விமானம் ஒரு மைல் விலகிவிடும். நடுவில் மலை இருந்தால் சிக்னலே எட்டாது. நடுக்கடலில் நிலையம் வைக்கவும் முடியாது.

எடுக்க நினைத்ததை ஏன் விட்டுவைக்கிறார்கள்?

ஜிபிஎஸ் வந்த பிறகு, 'இனி இந்தப் பழைய சாமான்கள் எதற்கு?' என்ற கேள்வி எழுந்தது நியாயம்தான். ஒவ்வொரு நிலையத்துக்கும் நிலம், மின்சாரம், பராமரிப்பு, அவ்வப்போது விமானத்தில் பறந்து சரிபார்க்கும் செலவு. அமெரிக்காவும் விஓஆர்களைக் குறைக்கிறது. ஆனால் முழுசாகத் துடைத்து எடுக்கவில்லை. சுமார் 590 நிலையங்களை விட்டுவைக்கத் திட்டமிட்டது. ஜிபிஎஸ் இல்லாவிட்டாலும் 100 நாட்டிக்கல் மைலுக்குள், தரைக்கருவி உதவியோடு இறங்க ஒரு விமான நிலையமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. டெல்லி விமான நிலையத்தில் ஜிபிஎஸ் முறையில் இறங்க வந்த சில விமானங்கள் பொய் சிக்னலைச் சந்தித்ததாக மத்திய அரசு 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. வழக்கமான தரைக்கருவிகள் உள்ள மற்ற ஓடுபாதைகளில் பாதிப்பில்லை என்றும், அப்படிப்பட்ட கருவிகளின் குறைந்தபட்ச வலையமைப்பை நாடு பராமரிக்கிறது என்றும் அதே பதிலில் இருந்தது.

டார்ட்டுவில் என்ன ஆனது? ஜிபிஎஸ் தேவைப்படாத, தரை ரேடியோவை வைத்து இறங்கும் முறையை அங்கே ஏற்படுத்தினார்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் ஹெல்சின்கி விமானம் மறுபடி வர ஆரம்பித்தது.