மொட்டை மாடியில் ஒரு மீன்முள்

திருச்செங்கோட்டு மலைக்கு அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மோட்டார் பாதையில் சௌகரியமாகப் போய்க் கோயில் வாசலில் இறங்குகிறவர்கள் ஒரு வகை. சுமார் 1,200 படிகளையும் மூச்சிரைக்க ஏறிப் போகிறவர்கள் மற்றொரு வகை. படி ஏறுகிறவர்களுக்கு ஒரு லாபம்: இளைப்பாற நிற்கும் இடத்திலெல்லாம் ஊர் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும்.

முப்பது, முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் அப்படி நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திரமான பயிர் கண்ணில் பட்டிருக்கும். மொட்டை மாடிகளிலும் ஓட்டுக் கூரைகளுக்கு மேலும் உயர்ந்த இரும்புக் குழாய். அதன் உச்சியில், யாரோ சாப்பிட்டுவிட்டு வைத்த மீனின் முள்ளைப் போல அலுமினியக் கம்பிகள். டெலிவிஷன் ஆண்டெனாதான்! லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நிறைந்த ஊர் அல்லவா? குழாய்க்குப் பஞ்சம் இருந்திராது.

அந்தப் பயிர் இன்று அநேகமாக அறுவடையாகிவிட்டது. எங்கோ சில மாடிகளில் குழாய் மட்டும் நிற்கிறது. துணி உலர்த்தும் கொடியின் ஒரு முனை அதில் கட்டியிருக்கிறது.

ஆண்டெனா இருந்த நாளில் நடந்த சம்பாஷணையை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணவர் மாடியில் குழாயைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பார். மனைவி கூடத்தில், டெலிவிஷன் பெட்டிக்கு எதிரில்.

"அம்மிணி, இப்ப வருதா?"

"வரலீங்க மாமா, மழை பேயுது!"

"இப்ப?"

"வந்துருச்சுங்க! அப்படியே நில்லுங்க... அட, போயிருச்சுங்க!"

படம் தெளிவாக வரவேண்டுமானால் மாமா இரவு பூராவும் மாடியிலேயே நிற்க வேண்டும் போல் இருக்கும். மனித உடலும் அலையைச் சிறிது தடுத்தும் திருப்பியும் விடும். அவர் கையை எடுத்ததும் படம் போனதற்கு அதுதான் காரணம். பாவம், அவர்மேல் குற்றமில்லை.

இந்த மீன்முள்ளைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1926-ம் ஆண்டில் உடா, யாகி என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கியது. ஒரு கம்பி அலையை வாங்கிக்கொள்ளும். அதற்கு முன்னால் உள்ள குட்டைக் கம்பிகள் அலையை அதன் பக்கம் வழிகாட்டி அனுப்பும். பின்னால் உள்ள நீளக் கம்பி தப்பிப் போவதைத் திருப்பித் தள்ளும். ஆகையால் ஆண்டெனா ஒரே திசையைத்தான் கூர்ந்து பார்க்கும். அந்தத் திசை தவறினால் 'மழை'தான்.

சரி, திருச்செங்கோட்டிலிருந்து எந்தத் திசையைப் பார்ப்பது? சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி ஆரம்பமாயிற்று. ஆனால் அது நெடுந்தூரம். டெலிவிஷன் அலை அநேகமாக நேர்கோட்டில் ஓடுவது; பூமி உருண்டையாக இருப்பதால் சிறிது தூரம் போனதும் நம் தலைக்கு மேலே கடந்து போய்விடும். அதனால்தான் அஞ்சல் நிலையங்கள் தேவைப்பட்டன. 1984-ல் சில மாதங்கள், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு நிலையம் வீதம் நாடு முழுவதும் திறந்தார்கள். 1987 ஜனவரியில் ஞாயிறு காலை ராமாயணம் தொடங்கியபோது, ஆண்டெனா வைத்த வீட்டின் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்ததென்றால் அதற்கு இந்த நிலையங்களே காரணம்.

தமிழ்நாட்டில் சக்தி மிக்க ஒரு நிலையம் கொடைக்கானல் மலைமேல் அமைந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை, குறுக்கே மலை இல்லையென்றால், கணக்குப்படி 180 கிலோமீட்டர் வரைகூட எட்டலாம். திருச்செங்கோடு அங்கிருந்து பறவை பறக்கும் வழியில் சுமார் 130 கிலோமீட்டர். கணக்கில் எட்டுகிறது, ஆனால் வந்து சேரும்போது அலை களைத்துப் போயிருக்கும். உயரமான குழாயும், 'பூஸ்டர்' என்ற சிறு பெட்டியும் வேண்டியிருந்த ரகசியம் இதுதான்.

களைப்பு ஒரு கஷ்டம் என்றால், மலை இன்னொரு கஷ்டம். அலை நேராகவும் வரும். பக்கத்துக் குன்றில் மோதி எதிரொலித்தும் வரும். எதிரொலி 1 கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றி வந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் ஒரு விநாடியில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் 20 அங்குலப் பெட்டியின் திரையில் அது இரண்டரை சென்டிமீட்டர்! சீதைக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு சீதை. இதற்கு 'பேய்ப்படம்' என்றே நிபுணர்கள் பெயர் வைத்தார்கள். குன்றின் அடிவாரத்தில் குடியிருந்தவர்களுக்கு இந்தப் பேயை ஓட்ட எந்த மந்திரவாதியாலும் முடியவில்லை.

ஓட்டியது டிஜிட்டல் முறை. 1998 நவம்பரில் இங்கிலாந்தில் தரைவழி டிஜிட்டல் டெலிவிஷன் ஆரம்பமாயிற்று. அதே கோபுரம், அதே மீன்முள். அனுப்பும் விதம் மட்டும் வேறு.

நம் ஊர் பாஷையிலேயே சொல்கிறேன். பழைய முறையில் படம் முழுவதையும் ஒரே பெரிய லாரியில் ஏற்றி, தலைதெறிக்கும் வேகத்தில் அனுப்பினார்கள். வழியில் இடறினால் சரக்கு சேதம். புதிய முறையில் அதே சரக்கைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி, ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஒரே சமயத்தில் மெதுவாக அனுப்புகிறார்கள். ஐரோப்பிய முறை ஒன்றில் வண்டிகளின் எண்ணிக்கை 6,817. நாலு வண்டி குடை சாய்ந்தாலும் பாதகமில்லை. மற்ற மூட்டைகளோடு அனுப்பியிருக்கும் கணக்குச் சீட்டைப் பார்த்து, காணாமற்போன சரக்கு என்னவென்று நம் வீட்டுப் பெட்டியே கண்டுபிடித்துவிடும். கோலத்தில் ஓர் இழை அழிந்திருந்தாலும், மற்றப் புள்ளிகளைப் பார்த்து இழுத்துவிடுகிறீர்கள் அல்லவா? அந்த மாதிரி.

எதிரொலிக்கும் வழி செய்தார்கள். பெரிய மண்டபத்தில் பேசுகிறவர், ஒரு வார்த்தையின் முழக்கம் அடங்கட்டும் என்று சற்று நிறுத்தி அடுத்த வார்த்தையைச் சொல்வார். இதிலும் ஒவ்வொரு துணுக்குக்கும் இடையே ஓர் இடைவெளி. அந்த 6,817 வண்டி முறையில் 67 கிலோமீட்டர் சுற்றி வரும் எதிரொலியைக்கூடத் தாங்கும்படி இடைவெளி வைக்கலாம். திருச்செங்கோட்டுக் குன்று எம்மாத்திரம்!

இன்னொரு லாபமும் உண்டு. பழைய முறையில் ஒரு சேனல் போன பாதையில், இப்போது ஐந்தாறு சேனல்கள் போகலாம். அசையாத சுவரை விநாடிக்கு 25 தடவை திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? அசைகிறதை மட்டும் அனுப்பு என்று சிக்கனம் பிடிக்கிறார்கள். குடும்பம் நடத்தத் தெரிந்தவர்கள்!

குறை இல்லாமல் இல்லை. பழைய படம் மங்கலாக, புள்ளி புள்ளியாகவாவது வரும். டிஜிட்டலில் ஓர் அளவு வரை படம் பளிங்கு. அதற்குக் கீழே போனால் சூனியம். பாதி தெரிந்தால் போதும் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது சற்றுக் கண்டிப்பான மாமியாராகத் தோன்றும்.

நம் தேசத்திலும் இது வந்தது. 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை அறிவித்தது. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த இடம் சென்னை ஒன்றுதான். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அந்த அழைப்பிதழ் வரவில்லை. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்வதா, வருத்தம் என்று சொல்வதா? மற்ற நாடுகளில் புதியதை ஊரெங்கும் கொடுத்துவிட்டுப் பழையதை நிறுத்தினார்கள். இங்கே பெரும்பாலான ஊர்களில் புதியது வராமலே பழையது நின்றது. 2022 மார்ச்சு 31-க்குள், எல்லைப் புறம் போன்ற முக்கியமான இடங்களில் சுமார் 50 நிலையங்கள் நீங்கலாக, பழைய தரைவழி நிலையங்களை மூடிவிடுவதாக 2021-ல் பிரசார் பாரதி அறிவித்தது. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், செலவு மிச்சம், விடுபடும் அலைவரிசை செல்போனுக்கு உதவும் என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் சரியானவைதான், கேபிளும் டிஷ்ஷும் வந்த பிறகு மாடி ஏறுவார் யார்?

ஆனாலும் ஒரு கணக்கு உதைக்கிறது. ஆண்டெனாவுக்கு ஒரு தடவைதான் செலவு. கேபிளுக்கு மாதா மாதம். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது எத்தனை வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்! விசைத்தறிக் கூலியில் ஓடும் குடும்பத்தில், ஒரு மாதம் தறி நின்றால் முதலில் வெட்டுப்படும் செலவு டெலிவிஷன் சந்தாதான். வீட்டோடு கிடக்கும் பாட்டிக்கு அன்றைய புயல் செய்தியும் போயிற்று, பாட்டும் போயிற்று.

சிங்கப்பூரில் நம் தமிழர் வீடுகளைப் பாருங்கள். அங்கே 'வசந்தம்' என்று தமிழுக்குத் தனிச் சேனல். 2013 டிசம்பரில் தரைவழி டிஜிட்டல் வந்தது. பழைய ஒளிபரப்பை 2017 முடிவில் நிறுத்துவதாக இருந்தவர்கள், எல்லோரும் மாறி முடிக்கட்டும் என்று மேலும் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். சந்தாச் சேனல் வாங்காத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு, பெட்டியும் உள்வீட்டு ஆண்டெனாவும் அரசாங்கமே கொடுத்தது. 2019 புத்தாண்டோடு பழையது நின்றது. ஜன்னலோரம் ஒரு சிறு ஆண்டெனா. மாதக் கட்டணமில்லாமல் தமிழ். சின்னஞ்சிறு தீவு, பணக்கார ஊர், அவர்களுக்கு முடியும் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் முதலில் கொடு, பிறகு நிறுத்து என்ற வரிசைமுறைக்குப் பணம் மட்டுமா வேண்டும்?

நம் அரசாங்கம் சொல்லும் பதில் 'டி.டி. ஃப்ரீ டிஷ்'. 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. இதிலும் குடையையும் பெட்டியையும் ஒரு தடவை வாங்கினால் போதும். மாதச் சந்தா கிடையாது. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் மாறி வந்த டி.டி. தமிழ் இதில் கிடைக்கிறது. ஆனால் இந்திச் சேனல்களே மிகுதி; தமிழ் கொஞ்சம்தான். சீரியல் பார்க்கிற தாய்மார்கள் முகம் சுளிக்கலாம். பலத்த மழை பெய்தால் வானத்து அலை தேய்ந்து படம் நிற்பதும் உண்டு. தரைவழி அலைக்கு மழை அவ்வளவு பெரிய சத்துரு அல்ல.

செல்போனுக்கே நேராகக் கோபுரத்திலிருந்து படம் அனுப்பும் பரீட்சைகளைக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் துணையோடு பெங்களூரிலும் டில்லியிலும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் தரைவழி டிஜிட்டல்தான். மீன்முள்ளுக்குப் பதில் கைக்குள் அடங்கும் கருவி. அதற்கென்று தனிச் சில்லு உள்ள போன் வேண்டும். வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரையில், மாடியில் பழைய குழாய் இன்னும் நிற்கிறதா? ஃப்ரீ டிஷ் வைப்பதானால் அதையே உபயோகித்துக்கொள்ளலாம். துணிக்கொடியை மட்டும் முதலில் அவிழ்த்துவிடுங்கள். ஈரப் புடவையின் பாரத்துக்கே குழாய் சாயும், குடை சிறிது அசைந்தாலும் படம் போய்விடும். தூக்குக் குண்டு பிடித்துக் குழாய் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குடை திருச்செங்கோட்டிலிருந்து தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்தத் திசையில் தென்னை மரம் இருந்தால் வேறு மூலை தேடவேண்டியதுதான்.