குப்பியில் 5 மில்லிகிராம், கரைசலில் எவ்வளவு?

உயிர்வேதியியல், மருந்தியல் ஆய்வில் இறங்கும் மாணவர்கள் முதலில் தடுமாறும் இடங்களில் ஒன்று பெப்டைடு கரைசல் தயாரிப்பு. தூளின் விலையோ அதிகம், கைக்குக் கிடைப்பதோ சில மில்லிகிராம். கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் மாதக்கணக்கான உழைப்பு வீணாகிவிடும். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கங்கள்.

பெப்டைடு என்பது என்ன?

அமினோ அமிலங்கள் சங்கிலிபோலக் கோத்துக்கொண்ட மூலக்கூறு. புரதமும் இதே வகைதான், ஆனால் அதன் சங்கிலி நீளமானது. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின்-2இல் 8 அமினோ அமிலங்கள் உள்ளன, பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினில் 9, இன்சுலினில் 51.

லேபிளில் 5 மி.கி. என்று இருந்தால், உள்ளே 5 மி.கி. பெப்டைடு இருக்கும் அல்லவா?

பெரும்பாலும் இருக்காது. அது தூளின் மொத்த எடை. தயாரிப்பின்போது சேரும் ட்ரைஃப்ளூரோ அசிடிக் அமிலம் பெப்டைடோடு உப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரமும் கொஞ்சம் இருக்கும். இவற்றைக் கழித்தால் கிடைப்பதே நிகரப் பெப்டைடு அளவு. தூளோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் இதைத் தேடிப் பாருங்கள். இதைத் ‘தூய்மை 98%’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த 98%, வேறு பெப்டைடுகளின் கலப்பு எவ்வளவு என்பதை மட்டுமே காட்டும். உப்பையும் ஈரத்தையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

இதனால் கணக்கு எவ்வளவு மாறும்?

ஆஞ்சியோடென்சின்-2 தூள் 5 மி.கி. இருப்பதாகக் கொள்வோம். நிகர அளவு 70%, தூய்மை 98%. அப்படியானால் உண்மையான பெப்டைடு 5 × 0.70 × 0.98 = 3.43 மி.கி. இதன் மூலக்கூறு எடை சுமார் 1,046. எனவே 1 மில்லிமோலார் கரைசலில், ஒரு மில்லிலிட்டருக்கு 1.046 மி.கி. இருக்க வேண்டும். 3.43-ஐ 1.046-ஆல் வகுத்தால் 3.28, அதாவது 3.28 மி.லி. கரைசலாகத் தயாரிக்க வேண்டும். லேபிளை மட்டும் நம்பி 4.78 மி.லி. ஆக்கினால், கையில் இருப்பது 0.69 மில்லிமோலார்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

எதில் கரைப்பது?

பெப்டைடின் மின்னூட்டத்தைப் பொறுத்தது. நேர்மின்னூட்டம் மிகுந்தவை தூய நீரிலோ நீர்த்த அசிடிக் அமிலத்திலோ கரையும். எதிர்மின்னூட்டம் மிகுந்தவற்றுக்கு நீர்த்த அம்மோனியம் பைகார்பனேட் உதவும். நீரை ஒட்டாத வகைகளை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரிமக் கரைப்பான் சிறிதளவில் கரைத்து, பிறகு பஃபரில் நீர்க்கச் செய்வார்கள். சிஸ்டீன், மெத்தியோனின் உள்ளவற்றுக்கு டி.எம்.எஸ்.ஓ. ஆகாது, ஆக்சிஜனேற்றம் நேரலாம். முதலில் துளியளவு தூளில் சோதித்துப் பாருங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்கவும். குளிர்ந்த தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, எடைக் கணக்கையே கெடுத்துவிடும்.

1 மில்லிமோலார் கரைசலை 10 நானோமோலாராக நீர்க்கச் செய்வது எப்படி?

மொத்தம் 1,00,000 மடங்கு. ஒரே வீச்சில் செய்யக் கூடாது. பைப்பெட்டில் மிகச் சிறிய அளவை எடுக்கும்போது பிழை பெருகும். 10 மைக்ரோலிட்டரோடு 990 மைக்ரோலிட்டர் பஃபர் சேர்த்தால் 100 மடங்கு. இதை இருமுறை செய்து, கடைசியாக 100 மைக்ரோலிட்டரோடு 900 சேர்த்தால் 10 மடங்கு. கணக்கு முடிந்தது. நானோமோலார் அளவில் பெப்டைடு குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒட்டாத வகைக் குழாய்களைப் பயன்படுத்துங்கள்.

தயாரித்தது சரியா என்று சோதிக்க வழி உண்டா?

உண்டு. டைரோசினும் டிரிப்டோஃபேனும் 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். ஆஞ்சியோடென்சின்-2இல் ஒரு டைரோசின் இருக்கிறது. அதன் மோலார் உறிஞ்சு குணகம் சுமார் 1,490. எனவே 1 மில்லிமோலார் கரைசல், 1 செ.மீ. குவெட்டில் 1.49 காட்ட வேண்டும். 1.0 அருகே காட்டினால் நிகர அளவைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டோமா என்று பாருங்கள். டைரோசினும் டிரிப்டோஃபேனும் இல்லாத பெப்டைடுகளை அமினோ அமிலப் பகுப்பாய்வால் அளக்கலாம்.

இன்சுலின் சிரிஞ்சில் உள்ள ‘யூனிட்’ கோடுகளை வைத்து மற்ற பெப்டைடுகளை அளக்கலாமா?

வேண்டாம். யூனிட் என்பது உடலில் ஏற்படும் விளைவை வைத்து வகுத்த அளவு. மனித இன்சுலினில் ஒரு யூனிட் 0.0347 மி.கி. வேறு பெப்டைடுக்கு இந்த எண் பொருந்தாது. நூறு யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் வெறும் 0.01 மி.லி.; நாற்பது யூனிட் சிரிஞ்சில் அது 0.025 மி.லி. ஆகிவிடும்.

‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற குப்பியை உடலில் செலுத்திக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. அது கிருமிநீக்கமும் நச்சுப் பரிசோதனையும் செய்யப்பட்டது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டாலும் அது மருந்தாகிவிடாது. மருத்துவர் எழுதித் தரும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து மட்டுமே உடலுக்கானது.

ஆய்வு மாணவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது?

தூளின் தொகுப்பு எண், நிகர அளவு, தூய்மை, மூலக்கூறு எடை, கரைப்பான், தேதி ஆகியவற்றை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள். கணக்கை இன்னொருவர் சரிபார்த்த பிறகே குப்பியைத் திறவுங்கள்.