மூளைக் கட்டியும் கணக்குச் சாஸ்திரமும்

மூளையில் கட்டி கண்டிருக்கிறது என்று வைத்தியர் சொல்லக் கேட்ட குடும்பம் இடியுண்டதுபோல் திகைப்பது இயல்பே. இக்கொடிய ரோகத்தின் வேரைத் தேடும் வேலை இக்காலத்தில் வைத்தியசாலையிலும் ரஸாயனசாலையிலும் மாத்திரம் நடைபெறவில்லை. கணினியின் முன்னும் நடைபெறுகின்றது. கணக்குக்கும் ரோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போருக்கு ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம்.

2008ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையாரும் அவர்களுடன் சேர்ந்தோரும் கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுக் கட்டிகள் 22ஐ எடுத்து, 20,661 மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் பரிசோதித்தனர். இவ்வளவு பெரிய ஏட்டைக் கண்ணால் வாசித்துப் பிழை காணுதல் மனிதரால் ஆகாது. பிறவியிலேயே உள்ள வேற்றுமைகளைத் தள்ளி, தற்செயலாக நேர்ந்த மாறுதல்களையும் கழித்து, பல கட்டிகளில் திரும்பத் திரும்பத் தோன்றும் பிழையைக் கணினி பொறுக்கியெடுத்தது. அவ்வாறு அகப்பட்டதே ஐ.டி.எச்.1 என்னும் புரதம். உயிரணுவின் அன்றாட ஜீவன வேலையைப் பார்க்கும் இச்சாது ஊழியனைக் குற்றவாளிக் கூண்டில் எதிர்பார்த்தவர் அரியர். 414 அமினோ அமிலங்கள் கோத்த அச்சரத்தில் 132ஆவது மணி மாறியிருந்தது, அவ்வளவே.

அம்மாறுதலால் விளையும் தீங்கு யாது? மாறிய புரதம் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்னும் பொருளை மிதமின்றி உண்டாக்குகிறதென்று 2009இல் ரஸாயனப் பரிசோதனை காட்டிற்று. மரபணுக்களின்மேல் உள்ள மெதில் குறிகள் இக்கட்டிகளில் தனி வகையாக மிகுந்திருப்பதையும், இவ்வகையார் வயதில் இளையவராய், அதிக காலம் ஜீவித்திருப்பதையும் 2010இல் வேறொரு கணக்கு வெளிப்படுத்திற்று. 2016 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகுப்பு முறையிலும் இப்புரதம் இடம் பெற்றது. இதனைத் தடுக்கும் வோராசிடெனிப் என்னும் மருந்தை, மெதுவாய் வளரும் கட்டியுடைய 331 பேரிடம் சோதித்த பலன் 2023இல் வெளிவந்தது. ரோகம் முற்றாதிருந்த காலத்தின் இடைநிலை அளவு, மருந்துண்டோரில் 27.7 மாதம், உண்ணாதோரில் 11.1 மாதம். 2024இல் அமெரிக்க ஸர்க்கார் அதற்கு அனுமதி அளித்தனர். இது ரோகத்தை வேரறுப்பதன்று, எனினும் அற்பமுமன்று.

இதிலிருந்து நாம் அறியவேண்டுவன இரண்டு. முதலாவது, கணக்கு சந்தேகத்தைச் சுட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறாது. கட்டியில் ஒரு புரதம் மிகுந்திருப்பது ரோகத்தின் காரணமாகவும் இருக்கலாம், காரியமாகவும் இருக்கலாம். பரிசோதனையே அதைத் தெளிவிக்கும். இரண்டாவது, 2010ஆம் வருஷக் கணக்குக்கு ஆதாரமான புற்றுநோய் மரபணுத் தொகுதி அமெரிக்கப் பொதுப்பணத்தில் திரட்டப்பட்டது. நோயாளியின் அடையாளத்தைக் காட்டக்கூடிய பகுதிகளுக்கு மாத்திரம் அனுமதி வேண்டும். ஏனையவற்றை எத்தேசத்து மாணாக்கனும் எடுத்து ஆராயலாம். ஜனங்களின் பணத்தாலும் நோயாளிகளின் உடலாலும் சேர்ந்த அறிவு ஜனங்களுக்கே உரியது; அதைப் பூட்டி வைத்தல் அநியாயம்.

ஆனால் அத்தொகுதியில் ஐரோப்பிய வம்சத்தார் அளித்தவையே மிகுதி. ஏட்டில் இல்லாதவன் நோய் கணக்கிலும் வராது. ஆகவே, பிற தேசத்தாரும் தத்தம் ஜனங்களின் ரோகத்தை அதே கவனத்துடன் ஆராய்ந்து, யாவருக்கும் பொதுவாக்குதல் இன்றியமையாத கடமை என்பது நமது அபிப்பிராயம்.