ஒரே சோதனைக்கு இருமுறை பணமா?



ஒரு சோப்பின் பார்கோடை எந்தக் கடைக் கருவியும் படிக்கிறது, குறியீடு பொதுவானது. மருத்துவமனைகளில் அப்படியில்லை. சென்ற ஆண்டு நான்கே நாளில் இரண்டு மருத்துவமனைகளில் எனக்கு அதே இரத்தப் பரிசோதனை. பணமும் இருமுறை கட்டினேன்.

இக்குறை தீரவே மத்திய அரசு 2021 செப்டம்பர் 27-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனை நாடெங்கும் தொடங்கியது. அரசு, தனியார் செயலிகளுக்கு ஒரே பொது முறை. நமக்கு 14 இலக்க ‘ஆபா’ எண், இலவசம், கட்டாயமில்லை. அறிக்கை எடுத்த இடத்திலேயே இருக்கும்; நாம் சம்மதித்தால்தான் மற்ற மருத்துவர் பார்க்கலாம். இரு மருத்துவமனைகளும் திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும்.

கடனுக்குச் சரக்குக் கொடுக்குமுன் விசாரிப்பது போல, சம்மதம் யாருக்கு, எதற்கு, எத்தனை நாளுக்கு என்று பார்த்தே கொடுங்கள்.