சந்தோஷமும் கைக்கூலியும்

இலஞ்சத்துக்குத் தமிழிற் பெயர்கள் பல. கைக்கூலி என்பர்; பரிதானம் என்பர்; கையூட்டு என்பர். இவற்றுள் எதுவும் செவிக்கு இனிமை தருவதன்று. ஆனால் இலங்கையில் வழங்கும் ஒரு பெயர் மட்டும் இவற்றுக்குப் புறம்பாக நிற்கிறது. அஃது 'சந்தோஷம்' என்பது. கடைப் பணியாளனுக்கு மனமுவந்து கொடுக்குஞ் சில்லறையும் சந்தோஷமே. கந்தோரில் ஒரு கடிதம் நகர்வதற்காக மனங்கசந்து கொடுக்குந் தாளும் சந்தோஷமே. சிங்கள மக்களும் இச்சொல்லை இவ்விரு பொருளிலும் அறிவர்.

சொல் ஒன்றாயிருத்தலாற் செயலும் ஒன்றெனக் கருதுவார் உளர். "மேலைநாட்டார் வணிக ஒழுக்கம் வேறு, கீழைநாட்டார் ஒழுக்கம் வேறு, கொடுத்துக் காரியம் பார்த்தல் நம் வழக்கம்" என்பது அவர் வாதம். இவ்வாதத்தை நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் வைத்து உரைத்துப் பார்த்தல் நன்று. வெள்ளைத் துரைமாரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே கணக்கேட்டில் இடம்பெற்ற களம் அதுவன்றோ?

கோப்பிக் காலந்தொட்டே தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் பெரிய கங்காணியார். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை அழைத்து வருதற்குத் துரையிடம் முற்பணம் பெறுவார். வழிச்செலவு முதலாய அனைத்தையும் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதுவார். நாளொன்றுக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினரோ அத்தனை பேருக்கும் தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. தொழிலாளர் வேறு தோட்டம் செல்ல விரும்பின் 'துண்டு' வேண்டும். இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் எனத் துரை எழுதிக் கொடுக்குஞ் சீட்டே துண்டு. ஆள் பற்றாத தோட்டத்தார் மிகுதியான முற்பணங் காட்டிக் கங்காணியாரைத் தம்பால் இழுத்தனர். தோட்டத்துக்குத் தோட்டம் தொகை ஏறிற்று. ஏறிய தொகையெல்லாம் தொழிலாளியின் தலையிற் கடனாக இறங்கிற்று. 1921-ஆம் ஆண்டிற் சட்டத்தினால் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது.

இம்முறையில் முற்பணத்தை நீட்டிய கை ஆங்கிலேயருடையது; பெற்ற கை தமிழருடையது; சுமந்த முதுகும் தமிழருடையது. இதனை எந்த நாட்டின் பண்பாடு என்பது? இரு திறத்தாரும் தத்தம் நன்மைக்கு வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. மறுத்துச் சொல்ல வலியற்றவன் ஒருவன் நடுவே அகப்பட்டமையே அதற்கு உயிர்.

கங்காணியாரின் பழைய அதிகாரம் போயிற்று. ஆயினும் கொழுந்து மடுவத்துத் தராசு நிற்கிறது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையிற் சில கிலோ கழித்தல் தோட்டங்களில் நெடுநாள் முறைப்பாடு. கழித்தபின் நிறை குறையின் முழுப்பேர் அரைப்பேராகும். அரைப்பேர் என்பது அரைநாட் கூலி. தராசின் முள்ளை வாசிப்பவர் தயவில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியுமாயின், அவர் வீட்டுக்குச் செல்லும் கோழியையும் மரக்கறியையும் அன்பளிப்பென்று எங்ஙனம் துணிவது? பண்டிகை நாளில் எல்லோருங் காணத் துரைக்குச் சூட்டும் மாலையும் கையிற் கொடுக்கும் எலுமிச்சம்பழமும் மரியாதை. கொடாதுவிடின் இழப்பு நேரும் என்ற அச்சத்தோடு கொடுப்பது கைக்கூலி. எல்லைக்கோடு இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் முதிய தொழிலாளி ஒருத்தி கடிதம் எழுதுவிக்க என்னிடம் வந்தாள். வாழ்நாளெல்லாம் கொழுந்து கிள்ளியவள். ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்காக அலைந்துகொண்டிருந்தாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் மற்றொரு பெயர். தமிழ்ப் பெயரைக் கேட்டவாறு எழுதிய பல கைகளின் பிழை அது. அதனைத் திருத்துதற்குச் சந்தோஷம் வேண்டுமென ஒரு கந்தோரிற் குறிப்பாகச் சொல்லப்பட்டதாம். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் காட்டி, "எவ்வளவு குடுத்தா அவங்களுக்குச் சந்தோஷம் வரும், வாத்தியாரையா?" என்று வினவினாள். கொடுக்க வேண்டாமென்று கூறிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுமொழி வருமுன்னே பணத்தைக் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொண்டாள். அவளை நான் குறை கூறேன். காத்திருத்தற்கும் பொருள் வேண்டும்.

இனி, கொடுத்துக் காரியம் பார்த்தல் நம் மரபென்பார் பட்டினப்பாலையைப் படித்திலர் போலும். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்து, அளவு பிழையாது வாங்கி விற்ற வணிகரையன்றோ அந்நூல் புகழ்கிறது? திருக்குறளும் நடுவுநிலைமைக்கு ஓரதிகாரம், வெஃகாமைக்கு ஓரதிகாரம் வகுத்துள்ளது.

மேலைநாட்டார் ஒழுக்கமும் என்றும் ஒருபடித்தாய் இருந்ததன்று. வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்தலை அமெரிக்கா குற்றமாக்கியது 1977-இலேதான். லொக்ஹீட் விமானக் கம்பனியின் ஊழல் வெளிப்பட்ட பின்னரே அச்சட்டம் பிறந்தது. வழக்கமான அலுவலை விரைவுபடுத்தக் கொடுக்குஞ் சிறு தொகைக்கு அச்சட்டத்தில் விலக்கும் உண்டு. நம்மவர் சந்தோஷம் என்பதும் அதுதானே! 2010-ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமோ அவ்விலக்கை அளிக்கவில்லை. ஜெர்மனியில் வெளிநாட்டிற் கொடுத்த இலஞ்சத்தை வரிக்கணக்கிற் செலவாகக் கழித்துக்கொள்ளும் வழக்கம் 1999 வரை இருந்தது.

இலங்கையில் இலஞ்சச் சட்டம் 1954-இல் இயற்றப்பட்டது. அதன் நோக்குப் பெரும்பாலும் அரச ஊழியர்பால் நின்றது. 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமே தனியார் துறை இலஞ்சத்தையுங் குற்றமாக்கியது. 1992 முதல் தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிருவகித்து வருதலின், மலையகத்தார் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சட்டம் ஏட்டிலிருந்து மடுவத்துக்கு வரவேண்டும். தராசின் முகம் கொழுந்து கொண்டுவருபவளுக்குத் தெரியும்படி வைக்கப்படுக. எந்த அலுவலுக்கு எந்தப் பத்திரம் வேண்டும், எத்தனை நாளில் முடியும் என்பதைத் தோட்டக் கந்தோர் வாயிலில் தமிழில் எழுதி ஒட்டுக. நிறைக்குச் சீட்டும், விண்ணப்பத்துக்குப் பற்றுச்சீட்டும் கொடுக்கப்படுக. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இவை கைகூடினால் சந்தோஷம் என்னுஞ் சொல் தன் பழம்பொருளுக்கு மீளும்.