குடவோலையும் நூலகச் சந்தாவும்

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் டீ குடிப்பவர் யாரைக் கேட்டாலும் குடவோலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுவார். அதைச் சொல்லும் ஊர்க் கல்வெட்டு எந்த இதழில் அச்சானது என்று கேட்டால் பதில் வராது. தப்பில்லை, ஆய்விதழ் எதுவும் கடைத்தெருவுக்கு வருவதில்லை. அந்த இதழ்களை நடத்துகிறவர்கள் தங்கள் கட்டுரைகளை எளிய நடையில் சுருக்கி இலவசமாகத் தந்தால் அவர்களுக்கு லாபம் உண்டா? டீ ஆறட்டும், மெதுவாகப் பார்ப்போம்.

ஆய்விதழுக்கு ஒருவர் கட்டுரை அனுப்புகிறார். ஆசிரியர் உடனே அச்சுக்குத் தருவதில்லை. அதே துறை தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, ஆதாரம் சரியா என்று பார்க்கச் சொல்கிறார். சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்பது இதுதான். விதைநெல்லைச் சோதித்து மூட்டையில் நீல அட்டை தைத்துத் தருகிறார்களே, அந்த மாதிரி. பெரும்பாலும் எழுதியவருக்கும் பணம் கிடையாது, சரிபார்த்தவருக்கும் கிடையாது. சில இதழ்கள் எழுதியவரிடமே கட்டணம் வாங்குகின்றன. மற்றவை பெரும்பாலும் நூலகங்கள் கட்டும் சந்தாவில் ஓடுகின்றன.

எல்லாரும் இடறுவது இங்கேதான். 'சாரத்தைச் சும்மா கொடுத்துவிட்டால் இதழை யார் வாங்குவார்?' சுருக்கத்தைப் படிக்கிற நாம் அந்த இதழை என்றைக்கு வாங்கினோம்? வாங்குவது நூலகம். சுருக்கம் கிடைக்கிறதே என்று எந்த நூலகரும் சந்தாவை நிறுத்தமாட்டார். ஆய்வு மாணவருக்கு வேண்டியது வரிக்கு வரி மூலமும் அடிக்குறிப்பும்.

சுருக்கம் தராமல் விட்டால்தான் இழப்பு. நம் குடவோலைக் கல்வெட்டுகளையே பாருங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. கல்வெட்டறிஞர் வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் எழுதினார், பிறகு கே.வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராபியா இண்டிகா' இதழின் 22ஆம் தொகுதியில் பதிப்பித்தார். இரண்டும் ஆங்கிலத்தில், அறிஞர்களுக்காக. ஊருக்குள் வந்து சேர்ந்ததோ 'அன்றைக்கே ஓட்டுப் போட்டார்கள்' என்ற கதை. கல்லில் ஓட்டே இல்லை. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வட்டாரங்களிலும், தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கல். தகுதியும் லேசுப்பட்டதல்ல: வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 921 கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. பிராமணர்களின் சபை அது. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. மேடைகளில் இந்தக் கணக்கு விதி தவறாமல் வரும். நிலமும் வேதமும் வராது.

இதழே தன் பெயரில், தொகுதி எண்ணோடு, இரண்டு பக்கம் தமிழில் தந்திருந்தால் பள்ளிக்கூட வாத்தியாரும் நிருபரும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். தொகுதி எண் இல்லாத சுருக்கத்தால் இதழுக்குப் பேர்கூட வராது.

பணம்? பெரிய வணிகப் பதிப்பகத்துக்கு இதனால் சந்தா கூடும் என்று நான் நம்பவில்லை. மேற்கோள் கூடலாம், நல்ல கட்டுரைகள் தேடி வரலாம். தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' போல ஆர்வலர்கள் கூடி நடத்தும் இதழென்றால் கணக்கு வேறு. புதிதாகப் பத்துப் பேர் வாங்கினாலே அச்சுக்கூலிக்கு உதவும். அங்கே சிக்கல், சுருக்கத்தை எழுதுவது யார் என்பதுதான். சம்பளமில்லாமல் சரிபார்த்துத் தருகிறவர்களிடமே இதையும் எழுதித் தரச் சொல்ல முடியாது.